மேஜையில் இடமில்லை

கம்ப்யூட்டர்கள் மனிதருக்குச் சொல்லும் பழைய செய்திகளில் ஒன்று, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்பது. வட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள். யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் உண்டு. இதன் எண் 28. ஏறத்தாழ 50 ஆண்டுகளாக அதே எண், அதே வாசகம். அரசாணைகூட இவ்வளவு காலம் திருத்தமில்லாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்று இந்தச் செய்தியை அதிகம் பார்ப்பவர்கள் ‘டேட்டா சயின்ஸ்’ என்ற வேலையில் இருக்கும் பிள்ளைகள். நம் வீடுகளிலிருந்தும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் இந்த வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மலை மலையாகத் தகவலைக் கொட்டி, அதில் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடிப்பது அவர்கள் தொழில். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும். சொந்தமாக வாங்குவதில்லை. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிகள் பெரிய கூடங்களில் லட்சக்கணக்கான இயந்திரங்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. இதற்குத்தான் ‘கிளவுட்’, மேகம் என்று பெயர். மேகம் ஒன்றும் இல்லை, வேறொருவர் கட்டடத்தில் இருக்கும் இயந்திரம், அவ்வளவுதான்.

என் தங்கை மகன் இந்த வேலையில்தான் இருக்கிறான். ஒருநாள் போனில், “மாமா, ஆறு மணி நேரம் ஓடின ஜாப் இடம் இல்லைன்னு சொல்லி செத்துப்போச்சு. இத்தனைக்கும் கிளவுட்ல எவ்வளவு வேணும்னாலும் இடம் இருக்கு” என்றான். இடம் இருக்கிறது, ஆனால் இடம் இல்லை. கேட்பதற்கு விடுகதைபோல இருந்தாலும், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். ரெக்கார்டு ரூமில் இன்னும் பத்து வருடக் கோப்புகளை வைக்கலாம். ஆனால் நம் மேஜை நாலடிக்கு இரண்டடி. வருடாந்தரக் கணக்கு முடிக்கும்போது நாலு பேரேட்டைத் திறந்து வைத்து, ஒரு பட்டியலை விரித்து, நடுவில் துண்டுக் காகிதத்தில் கூட்டல் போட்டால், டீ டம்ளர் வைக்க இடம் இருக்காது. வேலை நின்றுபோவது ரெக்கார்டு ரூம் நிறைந்ததால் அல்ல, மேஜை நிறைந்ததால்.

கிளவுட்டிலும் இப்படி இரண்டு இடங்கள். அமேசான் கம்பெனி 2006 மார்ச்சில் ‘எஸ்-3’ என்ற கிடங்கைத் திறந்தது. எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும், போட்ட அளவுக்கு வாடகை. அதே வருடம் ஆகஸ்டில் ‘ஈ.சி.-2’ என்று இயந்திரங்களை வாடகைக்கு விட்டது. அன்று கொடுத்த இயந்திரத்தோடு 160 கிகாபைட் வட்டு வந்தது. கிடங்கு ஓரிடம், இயந்திரத்தின் வட்டு வேறிடம். கிடங்கிலிருந்து எடுத்து இயந்திரத்தின் வட்டில் வைத்துத்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். அந்த வட்டுதான் மேஜை. அன்றைய அந்த மேஜைக்கு இன்னொரு குணமும் இருந்தது: இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதன் மேல் இருந்ததெல்லாம் போய்விடும்.

(எங்களைப் போலப் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: நீங்கள் பாரீசிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளின் பெட்டியில் பார்த்திருக்கும் ‘கிகா ஒக்தே’தான் இந்தக் கிகாபைட். ‘ஒக்தே’ என்றால் எட்டு பிட்டுகள் கொண்டது. கம்ப்யூட்டருக்கே ‘ஒர்தினாத்தர்’ என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். 1955-இல் ஐ.பி.எம். கம்பெனியின் பிரான்ஸ் கிளை கேட்டுக்கொண்டதற்கிணங்க, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன சொல் அது.)

மேஜைப் பஞ்சம் கிளவுட்டோடு பிறந்ததல்ல. கம்ப்யூட்டரோடு பிறந்தது. 1951-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் ‘யூனிவாக்’ என்ற இயந்திரத்தை வாங்கியது. அதன் நினைவகத்தில் 1,000 சொற்கள்தான் வைக்கலாம், சொல்லுக்கு 12 எழுத்து. மொத்தம் 12,000 எழுத்து, அதாவது தட்டச்சுத் தாளில் ஏழெட்டுப் பக்கம். எண்ண வேண்டிய மக்களோ 15 கோடி. இவ்வளவு சிறிய மேஜையை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஊரை எப்படிக் கணக்குப் பண்ணினார்கள்?

பதில், கொஞ்சம் கொஞ்சமாக. இதற்கு ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை 1945-இலேயே ஒரு முறையை எழுதி வைத்திருந்தார். நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு லட்சம் வாக்காளர் அட்டைகளை அகரவரிசையில் அடுக்க வேண்டும். மேஜையில் 1,000 அட்டைக்குத்தான் இடம். முதலில் 1,000 அட்டையை எடுத்து அடுக்கி, நூல் போட்டுக் கட்டிக் கீழே வைக்கிறோம். அடுத்த 1,000. இப்படி 100 கட்டுகள். ஒவ்வொரு கட்டும் தனக்குள் வரிசையாக இருக்கிறது. இப்போது 100 கட்டிலிருந்தும் மேலட்டையை மட்டும் எடுத்து மேஜையில் பரப்புகிறோம். 100 அட்டைக்கு மேஜை தாராளம். அவற்றில் அகரவரிசைப்படி முதலில் வருவதை எடுத்துப் புதுக் கட்டில் போட்டு, அது வந்த கட்டிலிருந்து அடுத்த அட்டையை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறோம். இப்படியே போனால் லட்சம் அட்டையும் வரிசையாகிவிடும். ஒரு நேரத்திலும் மேஜையில் 1,000-க்கு மேல் இல்லை.

யூனிவாக் காலத்தில் கட்டுகளுக்குப் பதில் காந்த நாடாக்கள். ஒரு நாடாவிலிருந்து படித்து இன்னொன்றில் எழுதி, அதிலிருந்து மூன்றாவதில் என்று நாடாக்கள் முன்னும் பின்னும் ஓடின. இடையில் எழுதிப் பிறகு அழிக்கும் நாடாவுக்கு ‘ஸ்கிராட்ச்’ நாடா என்று பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களிடம் ‘புருயோன்’ நோட்டு என்று ஒன்று இருக்கும், தமிழ்ப் பள்ளியில் ரஃப் நோட்டு. அதேதான். டேட்டா சயின்ஸ் பிள்ளைகள் இன்று பயன்படுத்தும் நிரல்களும், நினைவகம் நிறைந்ததும் பாதி வேலையைச் சத்தமில்லாமல் வட்டில் கட்டுக் கட்டாக எழுதுகின்றன. கூகுள் கம்பெனியின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கேமாவத்தும் 2004-இல் ‘மேப்ரெட்யூஸ்’ என்ற முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஆயிரக்கணக்கான சாதாரண இயந்திரங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறை அது. அதிலும் இடைக்கால விடைகள் அந்தந்த இயந்திரத்தின் சொந்த வட்டில்தான் எழுதப்பட்டன. கிளைகள் பெருகினவே தவிர, ரஃப் நோட்டு போகவில்லை.

இந்த முறையில் ஒரு மறைவான செலவு இருக்கிறது. என் தங்கை மகனின் விடுகதைக்கு விடை அங்கேதான். புதுக் கட்டு முடியும்வரை பழைய கட்டுகளைத் தூக்கி எறிய முடியாது, நடுவில் ஏதாவது கெட்டுவிட்டால் மறுபடி தொடங்க வேண்டுமே. எனவே வேலையின் உச்சத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து மேஜையில் இருக்கும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கிடங்கிலிருந்து 40 கிகாபைட் சுருக்கிய கோப்பு வருகிறது. வட்டு 300. தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். சுருக்கத்தைப் பிரித்தால் 120. வரிசைப்படுத்த இடைக்கால எழுத்து இன்னொரு 120. விடை எழுதத் தொடங்கியதும் மூன்றாவது 120 வளர ஆரம்பிக்கிறது. சுருக்கிய மூலம் 40 இன்னும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. வந்தது 40, கேட்பது 400. ஆறாவது மணி நேரத்தில், விடை எழுதும் கட்டத்தில், வேலை விழுகிறது. முதல் மணியிலேயே விழுந்திருந்தால் வாடகையாவது மிஞ்சியிருக்கும்.

காந்த வட்டு வந்ததே இந்த நாடா ஓட்டத்தைக் குறைக்கத்தான் என்று சொல்லலாம். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வட்டுக் கருவியில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் பிடித்தது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படம் அதில் ஏறினால் அதிகம்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் 1974-இல் எழுதிய கட்டுரையில், தங்கள் இயந்திரத்தோடு 1 மெகாபைட் வட்டு ஒன்றும், தலா 2.5 மெகாபைட் பிடிக்கும் கழற்றி மாட்டும் வட்டுகளும், 40 மெகாபைட் வட்டு ஒன்றும் இருந்ததாகக் குறித்திருக்கிறார்கள். இயக்க முறைமையின் வேர் சிறிய வட்டில், ஆட்களின் கோப்புகள் பெரிய வட்டில். யூசர் என்பதைச் சுருக்கி ‘யூ.எஸ்.ஆர்.’ என்று அந்த அடைவுக்குப் பெயர். சிறிய வட்டில் நிரல்கள் பிதுங்கியபோது, மிச்சத்தை ஆட்களின் பக்கம் தள்ளிவிட்டார்கள். இன்று கோடிக்கணக்கான கிளவுட் இயந்திரங்களிலும் நிரல்கள் பல அந்த ‘யூ.எஸ்.ஆர்.’ அடைவில்தான் குடியிருக்கின்றன. ஆட்களின் கோப்புகளோ அங்கிருந்து எப்போதோ காலி செய்துகொண்டு போய்விட்டன. இடம் போதாமல் அன்றைக்குச் செய்த ஒரு ஒட்டுவேலை. நம் ஊரில் திண்ணையில் தற்காலிகமாகப் போட்ட தட்டிக்கு மூன்று தலைமுறை வரி கட்டுவதைப் போல.

இடம் போதாதபோது செய்யக்கூடியவை பழங்காலத்திலிருந்தே சிலதான். துண்டு துண்டாக வேலை செய்வதைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, சுருக்குவது. 80 கட்டம் கொண்ட துளை அட்டையில் ஒரு ஊழியரின் பெயர், எண், சம்பளம் எல்லாவற்றையும் அடக்க வேண்டி, ஆண்டுக்கு நான்கு இலக்கத்துக்குப் பதில் இரண்டு போட்டார்கள். அட்டைக்கு இரண்டு கட்டம் மிச்சம். 1999-இல் உலகமே பயந்து திரிந்த ‘ஒய்-2-கே’ அதனால் வந்தது என்பது இதை வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரிந்த கதை. இரண்டு கட்டத்தை மிச்சம் பிடித்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அன்று அது உண்மையான பணம்.

மூன்றாவது வழி, அழிப்பது. இது எளிது, உடனே இடம் கிடைக்கும். இதில்தான் நெஞ்சு பதறும் கதைகள் இருக்கின்றன. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது கேமரா அனுப்பிய படம், சாதாரணத் தொலைக்காட்சிக்குப் பொருந்தாத வேறு வகையில் வந்தது. தரையில் இருந்த நிலையங்கள் அதைப் பெற்று, தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றி உலகத்துக்கு அனுப்பின. மாற்றியபோது தெளிவு குறைந்தது. நாம் பார்த்த அந்த மங்கல் படம் மாற்றிய படம். மாற்றாத மூலம், மற்ற அளவீடுகளோடு சேர்த்து, ஓர் அங்குல அகலமுள்ள நாடாக்களில் பதிவானது. பிற்காலத்தில் அந்த மூலத்தைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. நாசா 2009-இல் வெளியிட்ட முடிவு: நாடாத் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற ஆயிரக்கணக்கான நாடாக்களோடு அவையும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

யாரோ ஒரு கிடங்கு அலுவலர், புதிய செயற்கைக்கோள்களின் பதிவுக்கு நாடா வேண்டும் என்று வந்த கோரிக்கையைப் பார்த்து, பழைய பெட்டிகளை எடுத்துக் கொடுத்திருப்பார். அவரிடம் பட்டியல் இருந்திருக்கும். பட்டியலில் எண் இருந்திருக்கும். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. நான் 35 வருடம் கோப்புகளோடு இருந்தவன். காலக்கெடு முடிந்த கோப்புகளை அழிக்கும் பட்டியலில் கையெழுத்துக்காகத் தாள் வரும் நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் தாளில் எல்லாக் கோப்பும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அழிப்பதையே ஒரு சாஸ்திரமாக மாற்றியவர்கள் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு நிலையத்தின் பெரிய மோதற்கருவி, சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் அடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் வளையமாக ஓடுகிறது. ‘சி.எம்.எஸ்.’ என்ற பரிசோதனைக் கூடம் பிரான்ஸ் பக்கத்தில் செஸ்ஸி என்ற ஊரில் இருக்கிறது. புரோட்டான் கற்றைகள் ஒன்றையொன்று நொடிக்கு 4 கோடி முறை கடக்கின்றன. ஒரு மோதல் நிகழ்ச்சியின் பதிவு ஏறக்குறைய 1 மெகாபைட். எல்லாவற்றையும் எழுதி வைக்க உலகத்தில் வட்டு கிடையாது. நம்மவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நொடிக்கு 4 கோடி மெகாபைட், அதாவது 40,000 கிகாபைட். ஒரு நல்ல லேப்டாப்பின் வட்டு ஒரு நொடியில் 80 முறை நிறையும்.

எனவே அவர்கள் எழுதுவதற்கு முன்பே தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் கட்டத்தில் கருவியோடு இணைந்த மின்சுற்றுகள், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்தில், இது புதிதாக ஏதாவதா, பழைய சரக்கா என்று முடிவு செய்து 4 கோடியை ஒரு லட்சமாக்குகின்றன. இரண்டாம் கட்டத்தில் கம்ப்யூட்டர்கள் அந்த லட்சத்தைச் சுமார் ஆயிரமாக்குகின்றன. மிச்சம் எல்லாம் போய்விடும், திரும்ப வராது. இந்த வடிகட்டலுக்கு ‘டிரிகர்’ என்று பெயர். 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் துகளை அறிவித்தார்களே, அது இந்தச் சல்லடையில் தங்கியவற்றிலிருந்து கண்டுபிடித்தது. சல்லடையின் கண் தவறாக இருந்தால் ஹிக்ஸ் கீழே விழுந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் எதை விடுவது என்று முடிவு செய்ய அவர்கள் வருடக்கணக்கில் கூட்டம் போடுகிறார்கள். சோதனைக்காக, தள்ளுபடி செய்ய வேண்டியவற்றிலும் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைக்கிறார்கள். நாசாவின் கிடங்கில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். இருவரும் அழித்தார்கள். இவர்கள் எதை அழிக்கிறோம் என்று தெரிந்து அழித்தார்கள்.

2012-இல் சி.எம்.எஸ். குழு இன்னொன்று செய்தது. அலசுவதற்குப் போதிய கம்ப்யூட்டர்கள் அப்போது இல்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் மோதல்களை எழுதி வைக்க நாடாவில் இடம் இருந்தது. எனவே கூடுதலாகப் பதிவு செய்து, அலசாமலே ஒதுக்கி வைத்தார்கள். ‘பார்க்கிங்’ என்றே பெயர் வைத்தார்கள். 2013-இல் மோதற்கருவியைப் பழுதுபார்க்க நிறுத்தியபோது, சும்மா இருந்த கம்ப்யூட்டர்களை வைத்து அந்த ஒதுக்கியதை அலசினார்கள். நடப்புத் தபாலை முடித்துவிட்டு, சட்டசபை இல்லாத மாதத்தில் நிலுவையை எடுப்போமே, அதே தந்திரம்.

செர்னில் இருக்கும் நாடாவின் அளவு 2017-லேயே 200 பெட்டாபைட்டைத் தாண்டியது. பெட்டாபைட் என்பது 10 லட்சம் கிகாபைட். 2023-இல் வட்டுகளின் அளவு மட்டும் 10 லட்சம் டெராபைட்டைத் தொட்டது. அப்படியும் போதவில்லை. எனவே உலகம் முழுதும் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிரான்சில் லியோனுக்குப் பக்கத்தில் வில்லர்பான் மையம், நம் நாட்டில் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையமும் கொல்கத்தா சைக்ளோட்ரான் மையமும் அந்தப் பட்டியலில் உண்டு. இங்கேயும் மேஜைப் பஞ்சம்தான்: நாடா மலிவு, வட்டு விலை அதிகம். எனவே ‘அட்லஸ்’ என்ற இன்னொரு பரிசோதனைக் குழு 2018-இலிருந்து, நாடாவிலிருந்து ஒரு பகுதியை வட்டுக்கு இறக்கி, வேலை முடிந்த உடனே அழித்து, அடுத்த பகுதியை இறக்கும் முறையைப் பழகிவருகிறது. விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். எடுத்தவன் நகர வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெட்டிக்கு இடமில்லை.

சுருக்கத்திலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். 1 மெகாபைட்டாக வந்த ஒரு நிகழ்ச்சியின் பதிவைப் படிப்படியாகச் சுருக்கி, ‘நானோ’ என்ற வடிவில் சுமார் ஒன்றிரண்டு கிலோபைட்டாக்கிவிட்டார்கள். 300 பக்கக் கோப்புக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு வைப்பதில்லையா, அது போல. ஆராய்ச்சி மாணவர்களில் பலருக்கு அந்த ஒரு பக்கமே போதும். சந்தேகம் வந்தால் கோப்பைக் கேட்டு வாங்கலாம்.

வாடகை இயந்திரங்களுக்கு வருகிறேன். மேஜைப் பஞ்சத்தைப் புரிந்துகொண்டு அமேசான் 2008 ஆகஸ்டில், இயந்திரத்திலிருந்து கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டக்கூடிய வட்டை வாடகைக்கு விட்டது. 2017 பிப்ரவரியிலிருந்து, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டை நீட்டிக்கொள்ளலாம். நீட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. பெரிய வீட்டுக்குக் குடிபோனவர் வாடகை கட்டியே ஆக வேண்டும். ‘லாம்ப்டா’ என்ற சிறு வேலைகளுக்கான சேவையில் 2014-இலிருந்து தற்காலிக இடம் 512 மெகாபைட்தான். 2022 மார்ச்சில்தான் அதை 10 கிகாபைட்வரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். டேட்டா சயின்ஸுக்கென்றே 2017-இல் வந்த ‘சேஜ்மேக்கர்’ நோட்டுப் புத்தக இயந்திரத்தில், நாமாகக் கேட்டு வாங்காவிட்டால் கொடுக்கும் வேலையிடம் 5 கிகாபைட். மலையைப் புரட்ட வந்தவனுக்குக் கொடுக்கும் மேஜை ஸ்டூல் அளவு. கேட்டால் பெரிதாகக் கொடுப்பார்கள், கேட்கத் தெரிய வேண்டும்.

வட்டை நீட்டினால் மட்டும் முடிந்துவிடாது. வட்டு ஒன்று, அதன்மேல் கோப்புகளை வைக்கும் அமைப்பு வேறு. மேஜையை நீட்டிவிட்டு மேலே பழைய கண்ணாடியையே போட்டால், கண்ணாடி உள்ள அளவுக்குத்தான் எழுத முடியும். அந்த அமைப்பையும் தனியாக நீட்டக் கட்டளை கொடுக்க வேண்டும். பணம் கட்டி வட்டு வாங்கிவிட்டு, இன்னும் 28-ஆம் எண் பிழை வருகிறதே என்று பலர் திகைப்பது இதனால்.

இன்னொரு வேடிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. யூனிக்ஸ் வழி வந்த இயந்திரங்களில் ஒரு கோப்பை அழித்தாலும், ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் இடம் திரும்பக் கிடைக்காது. பட்டியலில் பெயர் இருக்காது, வட்டில் இடம் மட்டும் அடைபட்டிருக்கும். அந்த நிரலை நிறுத்தினால்தான் இடம் விடுபடும். இதைத் தங்கை மகன் சொன்னபோது, “எங்க ஆபீஸ்ல ரிட்டையர் ஆன பிறகும் நாற்காலியை விடாத ஆளுங்க இருந்தாங்க” என்றேன். போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

இப்போது அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று கேட்டேன். முழுக் கோப்பையும் இறக்குவதில்லையாம், வேண்டிய பத்திகளை மட்டும் எடுக்கிறானாம். 2013-இல் வந்த ‘பார்க்கே’ என்ற கோப்பு வடிவம் அதற்கு உதவுகிறது. (பார்க்கே என்றால் பிரெஞ்சில் மரப்பலகை பாவிய தரை. பலகைகளை வரிசையாகப் பதிப்பதுபோலத் தகவலைப் பத்தி பத்தியாக அடுக்கி வைக்கிறது.) சம்பளப் பட்டியலில் எல்லார் சம்பளத்தையும் கூட்ட, பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் மேஜைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அதோடு, இடைக்கால எழுத்து எந்த அடைவுக்குப் போகிறது என்று முதலில் பார்த்து, அதைப் பெரிய வட்டுக்குத் திருப்பிவிடுகிறான். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதன் ரஃப் நோட்டைக் கிழித்துப் போடுகிறான். உச்சத்தில் எவ்வளவு ஆகும் என்று சின்ன மாதிரியை வைத்து முதலில் ஓட்டிப் பார்க்கிறான். ஒன்றை மட்டும் தொடுவதில்லை: கிடங்கில் இருக்கும் மூலம். அதிலிருந்து செய்த எதையும் அழிக்கலாம், இன்னொரு நாள் வாடகை கொடுத்து மறுபடி செய்துகொள்ளலாம். மூலத்தை எந்த வாடகைக்கும் மறுபடி வாங்க முடியாது.

செர்னிலும் அதுதான் விதி. சல்லடையில் தங்கிய மூலப் பதிவுகள் ஒரு பிரதி செர்னில், இன்னொரு பிரதி மற்ற நாடுகளில் உள்ள பெரிய மையங்களில் பங்கிட்டு நாடாவில் இருக்கின்றன. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த இரட்டைப் பிரதி புதிதல்ல. 1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர் பிறப்பித்த ஆணைப்படி, பிரெஞ்சுக் காலனிகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளும் நீதிமன்ற, நோட்டரி ஆவணங்களும் கூடுதல் பிரதி எடுத்து வெர்சாய்க்கு அனுப்பப்பட வேண்டும். ஈரமும் கரையானும் காலனிப் பதிவேடுகளை என்ன செய்யும் என்று அன்றே தெரிந்திருந்தது. அந்த வழியில் நம் ஊரிலிருந்து கப்பலேறிய பழைய எத்தா சிவில் பதிவேடுகள் இன்று தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே பக்கம் உதிர்ந்துபோன தாத்தாவின் பெயரை அங்கே தேடிக் கண்டுபிடித்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.